கோபுரத்துக்கா, வேகத்துக்கா மானியம்?

2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த வேளையில், பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் தமது ஆசிரியர்களுடன் காட்டுவழியே நடந்து, கையடக்கத் தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் ஒரு பாறை உச்சியை அடைந்து பாடம் படித்த காட்சியைச் சர்வதேச செய்தி நிறுவனங்கள் உலகெங்கும் எடுத்துச் சென்றன. மரக்கிளைகளில் அமர்ந்து பாடக்குறிப்புகளைத் தரவிறக்கம் செய்த மாணவர்களின் படங்களும் அவ்வேளையில் வெளிவந்தன. அக்காட்சியைக் கண்டு இரங்காதவர் எவருமிலர். எனினும், இரக்கம் ஒரு கொள்கையாக மாறிவிடுவதில்லை.

நாம் இவ்வரிகளை எழுதும் கொட்டாஞ்சேனையில் நிலைமை வேறு. ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் தொடர்மாடிகளிலும் கூட ஒளியிழை இணைப்பு வாசல்வரை வந்து நிற்கிறது. ஒரு நிறுவனத்தின் சேவையில் திருப்தியில்லையெனில் மறுநாளே இன்னொன்றுக்கு மாறிக்கொள்ள முடிகிறது. சந்தை தன் வேலையைச் செய்கின்ற இடத்தில் அரசாங்கத்தின் உதவி தேவைப்படுவதில்லை. ஆனால் நூறு குடும்பங்கள் மட்டுமே வாழும் ஒரு தோட்டப் பிரிவிலோ, மீள்குடியேறிய வன்னிக் கிராமமொன்றிலோ கோபுரமொன்றை எழுப்பும் செலவு, அங்கு கிடைக்கக்கூடிய வருமானத்தால் பல ஆண்டுகள் சென்றாலும் ஈடாகாது. அங்கேதான் மானியம் என்ற கேள்வி எழுகிறது. மானியம் வழங்கலாமா என்பது பற்றி இன்று பெரிய விவாதம் எதுவுமில்லை. மானியத்துக்குப் பதிலாக மக்கள் எதைப் பெறவேண்டும் என்பதே விவாதிக்கப்பட வேண்டியது. அதனை விளங்கிக்கொள்ள, முதலில் வேகம் என்றால் என்னவென்று பார்ப்பது பொருத்தமாகும்.

வேகம் என்பது யாது?

இணைய வேகம் செக்கனுக்கு இத்தனை மெகாபிட் என அளவிடப்படுகிறது. நாம் சேமிக்கும் கோப்புகளோ மெகாபைட்டில் கணக்கிடப்படுகின்றன. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே செக்கனுக்கு 1 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 1 மெகாபைட் கோப்பொன்று வந்துசேர எட்டு செக்கன்கள் எடுக்கும். 60 மெகாபைட் அளவுள்ள ஒரு பாடக் காணொளி, செக்கனுக்கு 2 மெகாபிட் வேகத்தில் நான்கு நிமிடங்களில் வந்துவிடும். செக்கனுக்கு 256 கிலோபிட் வேகத்தில் அதற்கே அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். விளம்பரத்தில் இரண்டும் 'இணைய வசதி' என்றே அழைக்கப்படும். மாணவருக்கோ இரண்டுக்குமிடையில் ஒரு பாடவேளையே அடங்கிவிடுகிறது.

இன்னும் மூன்று விடயங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, தரவிறக்க வேகமும் தரவேற்ற வேகமும் வேறுவேறானவை. ஆசிரியர் பேசுவதைக் கேட்பதற்கு முன்னையது போதும். கேள்வி கேட்கவும் விடைத்தாளை அனுப்பவும் பின்னையது தேவை. இரண்டு, கோபுரமொன்றின் கொள்ளளவு அதனைப் பாவிக்கும் அனைவருக்குமிடையே பங்கிடப்படுகிறது. அதிகாலையில் விரைந்து ஓடும் இணைப்பு, ஊர் முழுவதும் தொலைபேசியைக் கையில் எடுக்கும் இரவு எட்டு மணிக்குத் தவழத் தொடங்குவது இதனாலேயே. 'இத்தனை மெகாபிட் வரை' என்று விளம்பரங்கள் கூறும்போது, அந்த 'வரை' என்ற சொல்லுக்குள்ளேயே நிறுவனத்தின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. மூன்று, கோபுரத்தை வெளியுலகுடன் இணைக்கும் வழி குறுகலானதாயின் கோபுரம் எவ்வளவு நவீனமானதாக இருந்தும் பயனில்லை. வாய்க்கால் அகலமாக இருந்தும் மதகு சிறிதாயின் வயலுக்கு நீர் பாயாது. தொலைபேசித் திரையில் 4ஜி என்ற எழுத்துத் தோன்றுவது கோபுரம் உண்டென்பதற்குச் சாட்சி. வேகம் உண்டென்பதற்கு அது சாட்சியாகாது.

நம் நாட்டின் அனுபவம்

கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பைக் கொண்டுசெல்லும் எண்ணம் நமது நாட்டுக்குப் புதியதன்று. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும், 1996 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தத்தினால் உருவான தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இத்துறையின் அடித்தளங்களாகும். சர்வதேச அழைப்புகளில் ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்துக்கிருந்த ஏகபோகம் 2002 இல் முடிவுற்றபோது, வேறு நிறுவனங்களுக்கும் அனுமதி வழங்கப்பட்டது. அதனையடுத்து, சர்வதேச அழைப்புகள் மீது விதிக்கப்பட்ட அறவீட்டின் வழியாகத் தொலைத்தொடர்பு அபிவிருத்திக் கட்டணம் என்ற பெயரில் ஒரு தொகை திரட்டப்பட்டது. சேவை எட்டாத பிரதேசங்களின் அபிவிருத்தியே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை நமது வாசகர்கள் ஒருகணம் எண்ணிப்பார்க்க வேண்டும். றியாத்திலும் குவைத்திலும் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்த மூதூர்த் தாயொருத்தி தன் பிள்ளைகளின் குரலைக் கேட்க எடுத்த அழைப்பும் அதிலுண்டு. டொரன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு வந்த அழைப்புகளும் அதிலுண்டு. பிரிந்துவாழும் குடும்பங்களின் பேச்சிலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் சேர்ந்த பணம் அது. அக்குடும்பங்கள் விட்டுவந்த ஊர்களுக்கு அதன் பயன் முதலில் சென்றடைய வேண்டும் என்று கேட்பது சலுகை கோருவதாகாது. இன்று பெரும்பாலான வெளிநாட்டு அழைப்புகள் வாட்ஸ்அப் போன்ற செயலிகளுக்கு மாறிவிட்டன. அந்த ஊற்று முன்போல் சுரக்கும் என்று இனி எதிர்பார்க்க முடியாது. ஆகவே எஞ்சியுள்ள ஒவ்வொரு ரூபாவும் எங்கே செல்கிறது என்ற கேள்விக்கு இப்போது முன்னரைவிட அதிக பெறுமதி உண்டு.

2003 இல் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம் நிறுவப்பட்டது. உலக வங்கியின் கடனுதவியுடன் 'இ-ஸ்ரீலங்கா' திட்டமும் ஆரம்பமாயிற்று. அதன் கீழ் நாடெங்கும் 'நெனசல' என்றும் தமிழில் 'அறிவகம்' என்றும் அழைக்கப்பட்ட இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. நூலகங்களிலும் விகாரைகளிலும் ஏனைய மத நிலையங்களிலும் அவை இயங்கின. 2014 இல் பில் அன்ட் மெலிண்டா கேட்ஸ் மன்றத்தின் சர்வதேச விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. ஒரு தலைமுறைக் கிராமத்துப் பிள்ளைகள் முதன்முதலாகக் கணினியைத் தொட்டது அங்கேதான் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், நிலையத்தைத் திறப்பதற்கு வழங்கப்பட்ட உதவி, அதனைத் தொடர்ந்து நடத்துவதற்குப் போதியதாக இருக்கவில்லை. உதவித்தொகை முடிவடைந்ததும் மாதாந்தக் கட்டணத்தைச் செலுத்த இயலாமல் தளர்ந்துபோன நிலையங்கள் பல.

அடுத்த பெரிய முயற்சி கொவிட் காலத்தை ஒட்டி வந்தது. 'கமட்ட சன்னிவேதனய', அதாவது கிராமத்துக்குத் தொடர்பாடல் என்ற பெயரில், 4ஜி சேவையை நாடு முழுவதற்கும் விஸ்தரிக்கும் திட்டத்தை ஆணைக்குழு முன்னெடுத்தது. இரத்தினபுரி மாவட்டம் முன்னோடியாகத் தெரிவு செய்யப்பட்டது. சேவை எட்டாத இடங்களில் கோபுரங்களை அமைக்கும் செலவின் ஒரு பகுதியை ஆணைக்குழு பொறுப்பேற்பதே அதன் அடிப்படை. ஒரே கோபுரத்தைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் முறையும் வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒரு திட்டத்தின் வெற்றி எழுப்பப்பட்ட கோபுரங்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணிக்கப்படும்போது, கோபுரங்களே எழும்பும். இரவு எட்டு மணிக்குப் பாவனையாளரின் வீட்டில் என்ன வேகம் கிடைக்கிறது என்பதைக் கொண்டு கணிக்கப்பட்டிருந்தால், நிறுவனங்களின் கவனம் அதன்மீது திரும்பியிருக்கும்.

பிறநாடுகள் கற்ற பாடம்

இத்தவறு நமக்கு மட்டும் உரியதன்று. பணபலம் மிக்க அமெரிக்காவும் இதே படுகுழியில் வீழ்ந்து எழுந்தது. அந்நாட்டின் தொடர்பாடல் ஆணைக்குழு 2015 ஜனவரியில், செக்கனுக்கு 25 மெகாபிட் தரவிறக்கமும் 3 மெகாபிட் தரவேற்றமும் உள்ள இணைப்பையே அகலப்பட்டை என ஏற்கமுடியும் என்று வரையறுத்தது. அதே ஆண்டில் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் ஆண்டுக்கு சுமார் 150 கோடி டொலர் மானியத்தை ஏற்று, கிராமங்களில் 10 மெகாபிட் தரவிறக்கமும் 1 மெகாபிட் தரவேற்றமும் உள்ள இணைப்புகளை அமைக்க உடன்பட்டன. அரசாங்கம் ஒரு கையால் வரைந்த எல்லைக்குக் கீழே உள்ள சேவைக்கு, மறு கையால் பணம் கொடுத்தது. அவ்வேலை முடிவடைந்தபோது, மானியம் பெற்ற கிராமங்களே மீண்டும் 'சேவையற்ற' கிராமங்களின் பட்டியலில் சேர்க்கப்படும் நிலை உருவானது.

2020 டிசம்பரில் அந்நாடு ஏல முறையைக் கையாண்டது. குறைந்த மானியம் கேட்பவருக்கும், உயர்ந்த வேகத்தை வாக்களிப்பவருக்கும் முன்னுரிமை. பத்தாண்டு காலத்துக்கு 920 கோடி டொலர் மானியம் ஏலத்தில் ஒதுக்கப்பட்டது. ஆனால் வாக்களித்தவர்களின் ஆற்றல் முன்கூட்டியே போதியளவு பரிசீலிக்கப்படவில்லை. 2022 ஆகஸ்டில், எல்.ரி.டி. புரோட்பாண்ட், ஸ்டார்லிங்க் ஆகிய இரு நிறுவனங்களின் பெருந்தொகை விண்ணப்பங்களை ஆணைக்குழுவே நிராகரிக்க நேர்ந்தது. வேறு பலரும் தாமாகவே விலகினர். இடைப்பட்ட காலத்தில் காத்திருந்தவர்கள் கிராம மக்களே. 2024 மார்ச்சில் அந்நாட்டின் வரையறை 100 மெகாபிட் தரவிறக்கம், 20 மெகாபிட் தரவேற்றம் என மேலும் உயர்த்தப்பட்டது.

அயலகமான இந்தியாவில் 2004 இல் அகலப்பட்டை என்பதன் கீழெல்லை செக்கனுக்கு 256 கிலோபிட்டாக இருந்தது. பின்னர் அது 512 ஆகி, 2023 இல்தான் 2 மெகாபிட்டாகியது. இரண்டரை இலட்சம் கிராமப் பஞ்சாயத்துகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டத்துக்கு 2011 இல் அங்கீகாரம் கிடைத்தபோது மதிப்பிடப்பட்ட செலவு சுமார் 20,000 கோடி ரூபா. 'பாரத்நெற்' எனப் பின்னர் பெயர்பெற்ற அத்திட்டத்தின் திருத்திய வடிவத்துக்கு 2023 இல் ஒதுக்கப்பட்டது சுமார் 1.39 இலட்சம் கோடி ரூபா. இழை வந்துசேர்ந்தும் சேவை இயங்காத பஞ்சாயத்துகள் பற்றிய முறைப்பாடுகள் தொடர்ந்து எழுந்தமையால், புதிய திட்டத்தில் பத்தாண்டுப் பராமரிப்பும் செலவுக் கணக்கில் சேர்க்கப்பட்டது. புதைத்த இழையைப் பேணுவதற்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பதை அறிய அந்நாட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன.

சிறிய நாடுகளின் முன்மாதிரி நமக்குக் கூடுதலாகப் பொருந்தும். பின்லாந்து 2010 ஜூலை முதலாம் திகதி முதல் செக்கனுக்கு 1 மெகாபிட் இணைப்பை ஒவ்வொரு பிரஜையின் சட்டபூர்வ உரிமையாக்கியது. பிரித்தானியாவில் 2020 மார்ச் முதல், 10 மெகாபிட் தரவிறக்கமும் 1 மெகாபிட் தரவேற்றமும் கிடைக்காத வீட்டார் அதனைக் கோரும் உரிமை பெற்றனர். இணைப்புக்கான செலவு 3,400 பவுண்களை மீறாதவரை வீட்டுக்காரர் கூடுதல் தொகை எதுவும் செலுத்தத் தேவையில்லை. இவ்வெண்கள் பெரியவை அல்ல. ஆயினும் அவை கோரிப் பெறக்கூடியவை. வழங்கப்படாதபோது யாரிடம் சென்று கேட்பது என்பது மக்களுக்குத் தெரியும். உரிமை என்பதன் பொருள் அதுவேயாகும்.

யார் பின்தங்கியவர்?

நம் நாட்டில் இப்பிரச்சினைக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் மூன்று தசாப்த காலப் போர் தொலைபேசிக் கம்பிகளையும் விட்டுவைக்கவில்லை. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பல்லாண்டுகளின் பின் முசலியில் மீளக் குடியேறிய முஸ்லிம் மக்கள் தமது ஊர்களை அடித்தளத்திலிருந்தே கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. சனத்தொகை குறைவான இத்தகைய இடங்கள் எந்த நிறுவனத்தின் இலாபக் கணக்கிலும் இறுதியிலேயே இடம்பெறும்.

மலையகத்தின் நிலை இதனினும் சிக்கலானது. 2018 இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும் வரை, தோட்டங்களுக்குள் வீதியமைப்பதற்குக் கூடப் பிரதேச சபைகளால் தாராளமாகப் பணம் செலவிட முடியாதிருந்தது. அரச நிதி தோட்ட எல்லையில் வந்து நின்றுவிடும் அந்தப் பழைய வழக்கம், இணையத்தின் விடயத்திலும் தொடர்ந்துவிடலாகாது. லயன் அறைகளில் வாழும் குடும்பங்களுக்குத் தனித்தனி விலாசம் இல்லை. வீடும் நிலமும் அவர்களுடையவை அல்ல. கம்பி இணைப்புக்கு விண்ணப்பிப்பதே பெரும்பாடு. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆய்வுகளின்படி, 2019 இல் நாட்டின் குடும்பங்களில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று அதிகமானவற்றிலேயே கணினி இருந்தது. தோட்டத்துறையில் அது பத்தில் ஒன்றுக்கும் மிகக் குறைவு. அங்கு இணையம் என்பது பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு ஒரு கையடக்கத் தொலைபேசி. அதுவும் தந்தை வேலை முடிந்து வீடு திரும்பிய பின்னரே பிள்ளைகளின் கைக்கு வரும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த ஒரு மணித்தியாலத்தின் வேகமே அவர்களது கல்வி.

செய்மதி வழி இணையம் இதற்குத் தீர்வாகும் என்போரும் உளர். 2024 இல் தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் சேவை இலங்கையில் ஆரம்பமானது. தொழில்நுட்ப ரீதியில் மலை முகடும் தீவும் அதற்கு ஒன்றே. ஆனால் அதன் உபகரண விலையும் மாதக் கட்டணமும் நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு எட்டாதவை. ஒரு பாடசாலைக்கோ பொது நூலகத்துக்கோ மருத்துவ நிலையத்துக்கோ மானியத்துடன் அது பொருந்தலாம். தனித்தனி வீடுகளுக்கு அதனைப் பரிந்துரைப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. அகலப்பட்டைக்கான ஐக்கிய நாடுகள் ஆணைக்குழு, அடிப்படை இணைப்புக்கான செலவு ஒரு நாட்டின் தலைக்குரிய மாத வருமானத்தில் 2 வீதத்தை விஞ்சலாகாது என 2018 இல் இலக்கு வகுத்தது. நாட்டின் சராசரியில் நாம் எங்கு நிற்கிறோம் என்று பார்ப்பதோடு அமையாமல், தோட்டத் தொழிலாளியின் வருமானத்தில் அது எத்தனை வீதம் என்றும் கேட்க வேண்டும்.

செய்யவேண்டியவை

2022 இல் எரிபொருளுக்குக் கூட கியூ.ஆர். குறியீடு தேவைப்பட்டது. 2025 பெப்ரவரியில் அரச கொடுப்பனவுகளுக்கான 'கவ்பே' ஆரம்பிக்கப்பட்டது. பரீட்சைப் பெறுபேறும் பல்கலைக்கழக விண்ணப்பமும் இணையவழியே. அரசாங்கம் தன் வாசலை இணையத்துக்கு மாற்றும்போது, அந்த வாசலுக்குச் செல்லும் பாதையை அமைப்பதும் அரசாங்கத்தின் கடமையாகிறது.

முதலாவதாக, மானியம் பெறும் சேவைக்கு ஒரு கீழெல்லை வேகம் சட்டத்தின் வலுவுடன் நிர்ணயிக்கப்பட வேண்டும். அது தரவேற்றத்தையும் உள்ளடக்க வேண்டும். நெரிசல் மிக்க இரவு நேரத்தில், வீட்டுக்குள் அளவிடப்பட வேண்டும். காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்யப்பட வேண்டும். இன்றைய வேகத்துக்கு ஒப்பந்தம் எழுதி, ஐந்தாண்டுகளின் பின் அது போதாதென்று வருந்துவதில் பயனில்லை.

இரண்டாவதாக, மானியத்தின் ஒரு பகுதி கோபுரம் எழும்போதும், எஞ்சியது வேகம் நிரூபிக்கப்பட்ட பின்னர் ஆண்டுதோறும் தவணைகளாகவும் வழங்கப்பட வேண்டும். வேகம் குறைந்தால் தவணையும் குறைய வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளி மலையகத்தைச் சிதைத்தபோது, உறவினரின் நலமறியத் தொடர்பின்றித் தவித்தவர்களை நாம் மறந்துவிடவில்லை. மின்சாரம் தடைப்பட்டாலும் கோபுரம் இயங்குவதற்கான ஏற்பாடும் தரநிர்ணயத்தின் அங்கமாக வேண்டும்.

மூன்றாவதாக, அளவீடு நிறுவனங்களின் கையில் விடப்படலாகாது. 2000 களின் இறுதியிலேயே கொழும்பிலுள்ள லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்குழுவும் இணைந்து, பாவனையாளர் பெறும் உண்மையான வேகத்தை அளக்கும் மென்பொருளை உருவாக்கியிருந்தன. எனவே அளப்பதற்கு வழியில்லை என்று எவரும் கூறமுடியாது. நாட்டிலுள்ள பதினான்காயிரத்துக்கும் அதிகமான கிராம அலுவலர் பிரிவுகள் ஒவ்வொன்றுக்குமான வேகம் மும்மொழியிலும் பகிரங்கப்படுத்தப்படல் வேண்டும். மாவட்டச் சராசரிக்குள் தோட்டங்கள் மறைந்துவிடும். நுவரெலியா நகரின் வேகம், அதனைச் சூழ்ந்த லயன்களின் வேகமாகாது.

இதில் வாசகர்களுக்கும் ஒரு பங்குண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் ஆணைக்குழுவிடம் தகவல் கோரலாம். எமது பிரிவில் மானியத்துடன் அமைந்த கோபுரம் எது, அதற்கு வழங்கப்பட்ட தொகை எவ்வளவு, இறுதியாக வேகம் அளக்கப்பட்டது எப்போது, கிடைத்த அளவு என்ன என்ற நான்கு கேள்விகளைத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும், பள்ளிவாசல் நிர்வாகங்களும், ஆலய பரிபாலன சபைகளும், தொழிற்சங்கங்களும் இதனைப் பொறுப்பேற்குமாயின் விடையளிக்கும் கட்டாயம் உருவாகும். தேர்தல் மேடையில் கோபுரம் கேட்டுப் பழகிய நமது அரசியல் பிரதிநிதிகளும், இனி வேகத்தைக் கேட்கப் பழகிக்கொள்வார்கள்.

போஹிட்டியாவப் பிள்ளைகளில் அன்று சாதாரண தரம் படித்தவர்கள் இன்று பாடசாலைக் காலத்தைக் கடந்துவிட்டனர். அவர்கள் இழந்த பாடவேளைகளை எந்த மானியத்தாலும் மீட்டுக்கொடுக்க முடியாது. அவர்களது தம்பி, தங்கையருக்காகவேனும், பொதுப்பணத்தில் எழும் ஒவ்வொரு கோபுரமும் தான் தரும் வேகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என நாம் வலியுறுத்துகிறோம்.